பன்னெண்டாவது தட்டு

சன்னலோரம் நீங்களே உக்காந்துக்குங்க தம்பி. எனக்கு எந்த எடமா இருந்தாலும் ஒண்ணுதானுங்க. முன்ன அப்பிடி இல்லை. பஸ்ஸுல ஏறுனா மொத சீட்டு வேணும், கல்யாணத்துக்குப் போனா மொதப் பந்தி வேணும், அந்தப் பந்தியிலயும் மொத எலை வேணும். இப்ப அதெல்லாம் வுட்டுப்போச்சு. மனசு தெளிஞ்சுருச்சுங்க. நீங்க எது வரைக்கும்? காங்கேயமா? நானும் அங்கதான். நல்லதாப் போச்சு, பேசிக்கிட்டே போலாம்.

ஜெயில்ல இருந்து வர்றேனுங்க. காலையிலதான் வுட்டாங்க. அட, சித்தே நவுந்து உக்காந்துட்டீங்களே. பயப்படாதீங்க. நான் திருட்டுப் பய இல்லை, தோட்டங்காடு இருக்கற குடும்பம். பேரு கருப்பணன். பங்காளித் தகராறு, வேறொண்ணுமில்லை. எங்கப்பனும் எங்க பெரியப்பனும், பெரியப்பன்னு அவங்களாச் சொல்லிக்கறது, ரெட்டைப் பொறவி. ரெண்டு பேருல ஆரு மூத்தவருன்னு இன்னைக்கு வரைக்கும் தீரலை. ஊர் நோம்பிக்குக் கோயில்ல மொதல் மரியாதை மூத்தவரு வம்சத்துக்குத்தான். அந்த வருசம் அவரு மகன் நாச்சிமுத்துக்குப் பரிவட்டம் கட்டிப்போட்டாங்க. ஊரே பாத்துக்கிட்டு நிக்குது, நான் வெறுந்தலையோட நிக்கறேன். கையை ஓங்குனனா இல்லையான்னு எனக்கே நெனப்பில்லீங்க. தள்ளுனதுதான். அவன் போய் உழுந்த எடத்துல படிக்கட்டு இருந்துச்சு. அந்தப் படிக்கட்டைக் கட்டி வெச்சது நானுங்களா? கோர்ட்டுல அதை ஆரும் கேக்கலை. அவன் போய்ச் சேந்துட்டான், நான் உள்ள போய்ட்டேன்.

மொத ரெண்டு வருசம் ஒரே வெசனம். சோறு எறங்காது. நாச்சிமுத்து செத்தும் ஜெயிச்சுட்டானேன்னு இருக்கும். இப்ப அவன் மகனுக்குக் கட்டறாங்களாமா, அந்தச் சேதி வேற உள்ள வந்து சேந்துச்சு. அப்புறம் ஒரு நாள் உக்காந்து யோசிச்சேன். பரிவட்டம்ங்கறது என்னங்க, ரெண்டு மொழத் துணி. தோட்டம், காரு, சங்கத்துத் தலைவர் பதவி, இதெல்லாம் ஜெயிப்பா? மனுசன் உள்ளுக்குள்ள நிம்மதியா இருக்கோணும், அதானுங்க ஜெயிப்பு. அன்னைக்கிருந்து நான் மாறிட்டேன். சொல்லப்போனா எங்க பிளாக்குல நிம்மதியில என்னைய மிஞ்சறதுக்கு ஆளே கெடையாது, அந்தத் தவசி மட்டும் இல்லாம இருந்திருந்தா.

தவசிங்கறது மதுரைப் பக்கத்து ஆளு. ஆயுள் தண்டனை. எனக்கு முந்தியே அங்க இருந்தான். வெளிய இருக்கறப்ப லாரிக்கு லோடு ஏத்தி எறக்கற சோலி, ஏதோ கோவத்துல கூட வேலை செஞ்சவனையே குத்திப்போட்டான். படிப்பில்லை, சொத்தில்லை, பாக்கறதுக்கும் முருங்கைக் கம்பாட்டம் இருப்பான். பேச்சும் கெடையாது. நாம ஏதாச்சும் சொன்னா 'அப்புறம்?'பான். மேக்கொண்டு சொன்னா மறுபடியும் 'அப்புறம்?'. அவ்வளவுதான் அவன்ற சரக்கு.

ஒரு தடவை வெளிய இருந்து ஒரு டீச்சரம்மா வந்தாங்க, மனசைத் திருத்தற வகுப்புன்னு. எல்லாத்தையும் வேப்பமரத்தடியில உக்கார வெச்சு, வெற்றின்னா என்னன்னு கேட்டாங்க. ஒருத்தன் பரோலுங்கறான். ஒருத்தன் கோழிக்கறிங்கறான். நான் எந்திரிச்சேன். 'வெற்றி வெளியில இல்லீங்கம்மா, உள்ள இருக்குது. போதுங்கற மனசுதான் வெற்றி'ன்னு சொன்னேன். அம்மா அசந்து போய்ட்டாங்க. எல்லாத்தையும் கை தட்டச் சொன்னாங்க, தட்டுனாங்க. அதோட வுட்டிருக்கலாம். 'சரி, அப்பிடிப் பாத்தா இங்க ஜெயிச்ச மனுசன்னு ஆரைச் சொல்லுவீங்க?'ன்னு அடுத்த கேள்வியப் போட்டாங்க. நான் தலையக் குனிஞ்சுக்கிட்டேன். எல்லாரும் நம்மளைக் காட்டறப்ப நாம நிமுந்து பாத்துக்கிட்டு இருந்தா மருவாதி இல்லை பாருங்க. சித்த நேரம் கழிச்சு நிமுந்தா, ஒருத்தன் பாக்கியில்லாம தவசியக் காட்டிக்கிட்டு இருக்கறாங்க. அவன் கடைசியில உக்காந்து காதைக் கொடஞ்சுக்கிட்டு இருக்கறான்.

ஏன் அவருன்னு அம்மா கேட்டதுக்கு, 'பத்துத் தட்டு வாங்குனவரும்மா'ன்னு சொல்றாங்க.

உங்களுக்குத் தட்டு வெவரம் தெரியாதில்ல. ஜெயில்ல குடுக்கற தட்டு ஜெயிலுக்குச் சொந்தம். அது போக அவனவன் கேன்டீன்ல ஒரு எவர்சில்வர் தட்டு வாங்கி வெச்சுக்குவான். விடுதலையாகற அன்னைக்கு அந்தத் தட்டை வெளிய கொண்டு போகக் கூடாது. சட்டம் ஒண்ணுமில்லை, எங்களுக்குள்ள ஒரு மொறை. ஜெயில்ல தின்ன தட்டு ஊட்டு அடுப்பங்கரைக்கு ஆகாது. அதனால போறவன் என்ன பண்ணுவான்னா, இத்தன நாள் உள்ள தனக்குன்னு இருந்த மனுசன் ஆருன்னு பாத்து, எல்லாத்துக்கும் முன்னால அந்தாளு கையில தட்டைக் குடுத்துட்டுத் திரும்பிப் பாக்காம நடப்பான். சோப்பு, வாளி, போர்வை எல்லாம் ஆருக்கு வேணாலும் போலாம். தட்டு அப்பிடி இல்லீங்க. ரெண்டு தட்டு வாங்குனவனாயிருந்தா எங்க பிளாக்குல வார்டரே வாங்க போங்கம்பாரு. இவன் வாங்குனது பத்து. நான் எத்தனைன்னு கேக்கறீங்களா? அதைத்தான் சொல்ல வர்றேன், பொறுங்க.

பத்தையும் அவனே வெச்சுக்கிட்டானான்னா அதும் இல்லை. புதுசா ஒருத்தன் உள்ள வந்து பேயறைஞ்சாப்ல உக்காந்திருந்தா, இவன் போய் ஒரு தட்டை அவன் முன்னால வெச்சு, 'சாப்பிடுங்க'ன்னுட்டு வந்துருவான். வெளம்பரமுங்க, வேறென்ன? பிளாக்குல பாதிப் பேரு அவன் குடுத்த தட்டுல தின்னா, கை வெக்கறப்பெல்லாம் அவன் நெனப்புத்தானே வரும்? என்ற தட்டுங்களா? அதும் அவன் குடுத்ததுதான். நான் போன அன்னைக்கு வெச்சான். அதுக்கென்னங்க, ஆறு வருசம் அதுல தின்னது நானு. என்ற தட்டுத்தான் அது.

வயிறு எரிஞ்சுதான்னா, எரிஞ்சுது. ஒளிக்கறதுக்கு என்ன இருக்குது? ஆனா நாயம் ஒண்ணு இருக்குது பாருங்க. பரிவட்டத்துக்குப் பொறாமைப்பட்டாத் தப்பு. இது நல்ல காரியம். நல்லவனா இருக்கறதுல ஒருத்தனை மிஞ்சிப்போடோணும்னு நெனைக்கறது தப்புங்களா?

என்னதான் பண்றான்னு பாக்கறதுக்கு அவன் பின்னாடியே திரிஞ்சேன். அவன் தண்ணி புடிக்கப் போனா நானும் போவேன். அவன் தோட்ட வேலைக்குப் பேரு குடுத்தா நானும் குடுப்பேன். ஒண்ணும் பண்ணலீங்க அவன். ஆராச்சும் வந்து பக்கத்துல உக்காருவாங்க. ஊட்டு வெவகாரத்தைச் சொல்லுவாங்க, அழுவாங்க. இவன் 'அப்புறம்?'பான். மூக்கைச் சிந்திக்கிட்டு எந்திரிச்சுப் போயிருவாங்க. ஒரு புத்திமதி சொன்னதில்லை, ஒரு வழி காட்டுனதில்லை. நானும் அதே மாதிரி 'அப்புறம்?'னு கேட்டுப் பாத்தேன். ஆனா எதுத்தாப்ல இருக்கறவன் முட்டாத்தனமாச் சொல்லிக்கிட்டே போறப்ப வாயை மூடிக்கிட்டு இருக்க நம்மளால ஆகறதில்லீங்க. அவன் நாலு வார்த்தை சொல்றதுக்குள்ள நமக்கு நாப்பது வார்த்தை வந்துருது.

திருச்சிப் பக்கம் பிலவேந்திரன்னு ஒருத்தன். அவனுக்கு விடுதலை நெருங்கிக்கிட்டு இருந்துச்சு. அவனைப் புடிச்சுக்கிட்டேன். கறி போடற அன்னைக்கு என்ற பங்குல ரெண்டு துண்டு அவனுக்குப் போகும். பொண்டாட்டி வுட்டுட்டுப் போயிட்டாள்னு அழுதான்னா, அவ ஏன் போனா, இவன் பண்ணுன தப்பு என்ன, இனிமே எப்பிடி நடந்துக்கோணும்னு வரிசையா எடுத்துச் சொல்லுவேன். மணிக்கணக்காச் சொல்லியிருக்கறேன் தம்பி. கடைசியில என்னையக் கண்டாலே எந்திரிச்சுக் கக்கூசுக்குப் போயிருவான். வயித்தால போகுதாட்ட இருக்குதுன்னு அதுக்கும் வைத்தியம் சொன்னேன்.

அவன் போற அன்னைக்கு நான் தண்ணி வாத்து, திருநீறு பூசி, முன்னால நிக்கறேன். தட்டோட வந்தான். என்ற கைக்கு எட்டற தூரம். 'போயிட்டு வர்றேண்ணே'ன்னான். ஜெயில்ல நின்னுக்கிட்டுப் போயிட்டு வர்றேன்னு சொல்லக் கூடாதுடான்னு நான் சொல்லி முடிக்கறதுக்குள்ள, என்னையத் தாண்டிப் போய்ப் பின்னால நின்ன தவசி கையில குடுத்துட்டான். பதினொண்ணு.

அடுத்தாப்ல ரசாக்கு பாய். அவருகிட்ட சுத்தி வளைக்கவே இல்லை. 'பாய், தட்டை எனக்குத்தான் குடுக்கோணும்'னு நேராவே கேட்டேன். 'குடுத்தாப் போச்சு கருப்பணா'ன்னு சிரிச்சாரு. குடுத்தாருங்க. வாளியக் குடுத்தாரு. அடியில ஓட்டை. தட்டு, அவருகூட வேலை செஞ்ச வேறொருத்தனுக்குப் போயிருச்சு. தவசிக்குப் போகலைங்கறதுல எனக்கு ஒரு ஆறுதல், அந்த மட்டும் லாபம்.

இன்னொண்ணையும் சொல்லிப்போடறேன், நீங்க தப்பா நெனச்சாலும் செரி. ஒரு தடவை நன்னடத்தையில விடுதலையாகறவங்க பேரு வந்துச்சு. தவசி பேரு கட்டாயம் இருக்கும்னு பிளாக்கே பேசிக்கிட்டு இருந்தாங்க. இல்லை. ரெண்டாந் தடவை வந்துச்சு, அதுலயும் இல்லை. எனக்கு மனசுக்குள்ள பானைத் தண்ணி குடிச்சாப்ல ஒரு குளுமை. அன்னைக்குச் சாம்பார் கூட ருசியா இருந்துச்சுன்னா பாத்துக்குங்க. ஆனா என்ன ஆச்சு தெரியுமுங்களா? ஆளு மாத்தி ஆளு அவன் கிட்டப் போய் உக்காந்துக்கிட்டாங்க. ஒருத்தன் பீடியக் குடுக்கறான், ஒருத்தன் அவன் துணியைத் தொவைக்கறான். வார்டரு வந்து தோளத் தட்டிட்டுப் போறாரு. விடுதலை கெடைக்காததுலயும் அவனுக்குத்தானுங்க மரியாதை. என்னதான் பண்றது அந்தாளை?

இதையெல்லாம் நான் ஆருகிட்டச் சொல்லி அழுகறது? சம்சாரத்துகிட்டத்தான். பாக்க வர்றதை எங்க ஜெயில்ல 'மனு'ம்பாங்க. பாக்க வர்றவங்க மனு எழுதிக் குடுத்தா, நம்மளைக் கூப்புட்டு வுடுவாங்க, கம்பிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்னு பேசிக்கலாம். மயிலாத்தா பதினஞ்சு நாளைக்கு ஒருக்கா வந்துருவா. மழையா இருந்தாலும் வருவா, காச்சலா இருந்தாலும் வருவா. அதைப் போயி ஒரு கணக்குல சேக்க முடியுமுங்களா? பொண்டாட்டின்னா வரத்தானே வேணும். வந்தா, தோட்டத்துல மோட்டாரு ரிப்பேரு, மகளுக்குப் பரிச்சைன்னு என்னத்தையாச்சும் எடுப்பா. நான் அதை நிறுத்திப்போட்டு, தவசி இந்த வாரம் என்ன பண்ணுனான்னு சொல்லுவேன். கேட்டுக்குவா. குறுக்க பேச மாட்டா, அது ஒரு நல்ல கொணம்.

ஒருக்கா அவ, 'அவரைப் பாக்க ஆருங்க வர்றாங்க?'ன்னு கேட்டா. எனக்கென்ன தெரியும்? அடுத்த தடவை ரெண்டு சீப்பு கதளிப்பழம் வாங்கியாந்து, ஒண்ணு அவருக்குக் குடுத்துருங்கன்னா. எனக்கு எப்பிடி இருக்கும், சொல்லுங்க. உள்ளதான் எல்லாரும் அவனுக்குன்னு பாத்தா, என்ற ஊட்டுக்காரியும் அவனுக்குப் பழம் வாங்கறாளா? ரெண்டு சீப்பையும் நானே தின்னேன். ரெண்டு நாளைக்கு வயிறு சரியில்லை.

இன்னைக்குக் காலையில என்ற மொறை. என்ன நடந்தாலும் தட்டு தவசிக்குப் போகக் கூடாதுன்னு முந்தியே முடிவு பண்ணிட்டேன். ஆருக்கு வேணாலும் போகட்டும், அவனுக்குப் பன்னெண்டாவதாப் போகக் கூடாது. எல்லாரும் வரிசையா வந்து நின்னாங்க. தவசி எப்பவும் வரிசைக்கு வர மாட்டான், பின்னால எங்கியாச்சும் நிப்பான், போறவங்கதான் தேடிப் போய்க் குடுக்கோணும். இன்னைக்கு முன்னால வந்து நிக்கறான். ரெண்டு கையையும் நீட்டறான்.

"அண்ணே, உங்க தட்டை எனக்குக் குடுங்கண்ணே"ங்கறான்.

ஆருகிட்டயும் ஒரு துண்டு பீடி கேக்காத ஆளு, என்கிட்ட வந்து கை நீட்டறான். என்ற வாயி சும்மா இருக்குமா?

"பதினொண்ணு பத்தலியா தவசி?"ன்னேன்.

"பதினோரு பேரு குடுத்துட்டுப் போனாய்ங்கண்ணே. வந்து பாக்குறேன்னுதான் எல்லாரும் சொன்னாய்ங்க. இத்தனை வருசத்துல எனக்குன்னு ஒரு மனு வரலை. தட்டைக் குடுத்ததும் நம்மளை மறந்துர்றாய்ங்க. அதுவும் நல்லதுதான், இந்த எடத்தை மறந்தாத்தான் பொழைக்க முடியும். ஆனா நீங்க ஒரு ஆளு என்னைய மறக்க மாட்டீங்க. நான் எந்தப் பக்கம் திரும்புனாலும் நீங்கதான நின்னீங்க."

அவன் இத்தன பேசி நான் கேட்டதே இல்லீங்க. பேச்சைப் பாத்தீங்களா, எப்பிடி மடக்கறான்னு? குடுத்தா அவனுக்குப் பன்னெண்டு. குடுக்கலைன்னா எல்லாத்துக்கும் முன்னால நான் கெட்டவன். ரெண்டு பக்கமும் அவனே ஜெயிக்கறாப்ல கேட்டுப்போட்டான். தட்டை எடுத்துப் பையில போட்டேன். ஆமாங்க, இந்தப் பையிலதான் இருக்குது, துணிக்கு அடியில. எங்க பிளாக்குல தட்டை வெளிய கொண்டாந்த மொத ஆளு நாந்தானுங்க.

அவன் 'அப்புறம்?'னு கூடக் கேக்கலை. நீட்டுன கையை எங்க வெக்கறதுன்னு தெரியாதவனாட்டம் கொஞ்ச நேரம் நின்னான். அப்புறம் நவுந்து வழி வுட்டான்.

கேட்டைத் தாண்டறப்ப எனக்குச் சந்தோசமாத்தான் இருந்துச்சு. சூலூர் வரைக்கும் கூட நல்லாத்தான் இருந்துச்சு. இப்ப உங்ககிட்டச் சொல்லிக்கிட்டு வர்றப்பத்தான் ஒரு ரோசனை முட்டுது. அவன் பாட்டுக்கு எல்லாத்துக்கும் முன்னால போட்டு ஒடைச்சுட்டானே, ஒரு மனு வரலைன்னு. அங்க நின்னவங்கள்ல நாளைக்கு நாளன்னைக்கு வெளிய போறவங்க இருக்கறாங்க. காதைத் தீட்டிக்கிட்டுத்தானே நின்னாங்க? வெளிய இருக்கற பிலவேந்திரனுக்கும் சேதி போகாம இருக்குமா? எவனாச்சும் மனசு கேக்காம ஆப்பிளை வாங்கிக்கிட்டு நாளைக்கே போய் நின்னான்னு வெச்சுக்குங்க. தவசிய மொதல்ல வந்து பாத்தது ஆருன்னா அவன் பேரைத்தானே சொல்லுவாங்க? அத்தன வருசம் அவன் பின்னாடியே அலைஞ்சவன் நானு. 'நீங்க ஒரு ஆளு'ன்னு அவன் சொன்னது என்னையத்தான், நீங்களே கேட்டீங்க. எவனோ ஒருத்தன் நோகாம வந்து முந்திக்குவானுங்களா?

இது எந்த ஊருங்க, பல்லடமா? செரி தம்பி, நான் எறங்கிக்கறேன். எதுத்தாப்ல நிக்கற பஸ்ஸைப் புடிச்சா மனு எழுதற நேரத்துக்குப் போய்ச் சேந்துரலாம். காலையில வுட்ட ஆளு மத்தியானம் வந்து நிக்கறானேன்னு வார்டரு சிரிப்பாரு. சிரிக்கட்டும். தட்டைக் குடுப்பனான்னு மட்டும் கேக்காதீங்க, அதை நான் இன்னும் முடிவு பண்ணலை.

ஒரே ஒரு ஒபகாரம் பண்ணுங்க. காங்கேயம் பஸ் ஸ்டாண்டுல பச்சைச் சீலை கட்டிக்கிட்டு ஒருத்தி நிப்பா, கூட ஒரு பொண்ணு நிக்கும். மயிலாத்தான்னு கூப்புட்டாத் திரும்புவா. நான் வர்றதுக்குப் பொழுது சாயும்னு சொல்லிருங்க. சடைச்சுக்க மாட்டா, நின்னு பழக்கப்பட்டவ. ஆனா எங்க போனேன்னு கேட்டாச் சொல்லிராதீங்க. தவசியப் பாக்கன்னு தெரிஞ்சா, அவளும் வர்றேன்னு அடுத்த பஸ்ஸுல ஏறுனாலும் ஏறிருவா, அவ கொணம் அப்பிடி. வரட்டும், நான் வேண்டாங்கலை, இன்னொரு நாளைக்கு வரட்டும். மொதல் மனு என்றதா இருக்கோணுமுங்க.